டியூக் ஆஃப் குளோஸ்டர் நீராவி உந்துப்பொறியின் மீட்டமைப்பு

டியூக் ஆஃப் குளோஸ்டர் என்பது பிரித்தானிய இரயில்வே 1954-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் குரூ நகரப் பணிமனையில் கட்டிய நீராவி உந்துப்பொறி ஆகும். இதன் எண் 71000. இவ்வகையில் கட்டப்பட்டது இது ஒன்றே. எட்டே ஆண்டுகள் ஓடிய பின் 1962-இல் சேவையிலிருந்து நீக்கப்பட்டு, முக்கிய உறுப்புகள் அகற்றப்பட்ட நிலையில் பழைய இரும்பாக விற்கப்பட்டது. 1974-இல் தன்னார்வலர்கள் இதனை மீட்டு, லஃப்பரோ நகரில் உள்ள கிரேட் சென்ட்ரல் மரபுத் தொடர்வண்டிப் பாதையில் வைத்துச் சீரமைத்து, 1986-இல் மீண்டும் இயங்கச் செய்தனர்.

மீட்கப்பட்ட நீராவி உந்துப்பொறிகள் உலகில் பல உள்ளன. அவற்றுள் இதனைத் தனித்துக் காட்டுவது, மீட்டமைப்பின் போக்கில் வெளிப்பட்ட ஓர் உண்மை ஆகும். ஓடிய காலத்தில் இது "நன்றாக நீராவி எழுப்பாத பொறி" என்று பெயர் வாங்கியிருந்தது. அக்குறை எதனால் ஏற்பட்டது என்பது, அதைக் கட்டியவர்களால் அல்லாமல், இருபது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து அதைப் பழுது பார்த்தவர்களாலேயே தெளிவாக்கப்பட்டது.

பின்னணி

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரித்தானியாவின் தனியார் தொடர்வண்டி நிறுவனங்கள் 1948-இல் நாட்டுடைமை ஆக்கப்பட்டன. அவற்றிடம் இருந்த நூற்றுக்கணக்கான வெவ்வேறு வடிவமைப்புகளுக்கு மாற்றாக, ஒரே சீரான உந்துப்பொறிகளை உருவாக்கும் பணி ஆர். ஏ. ரிடில்ஸ் என்னும் பொறியியலாளரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1951 முதல் 1960 வரை 12 வகைகளில் மொத்தம் 999 உந்துப்பொறிகள் இத்திட்டத்தில் கட்டப்பட்டன. மிகுந்த ஆற்றல் கொண்ட எட்டாம் தரப் பயணிகள் பொறியையும் கட்ட வேண்டும் என்பது ரிடில்சின் விருப்பம். போதிய எண்ணிக்கையில் பழைய பொறிகள் இருந்ததால் அதற்கு ஒப்புதல் கிடைக்கவில்லை.

1952 அக்டோபர் 8 அன்று இலண்டனுக்கு அருகில் ஹாரோ அண்டு வீல்ட்ஸ்டோன் நிலையத்தில் மூன்று தொடர்வண்டிகள் மோதிக்கொண்டன. 112 பேர் உயிரிழந்த இவ்விபத்தில் 'பிரின்சஸ் ஆன்' என்ற உந்துப்பொறி சீர்செய்ய முடியாதபடி சிதைந்தது. அது ஒரு பழைய பொறியிலிருந்து மாற்றிக் கட்டப்பட்டு அவ்வாண்டு ஆகத்தில்தான் சேவைக்கு வந்திருந்தது. அதன் இடத்தை நிரப்ப ஒரு பொறி தேவைப்பட்டது. ரிடில்ஸ் இவ்வாய்ப்பைப் பயன்படுத்தித் தம் எட்டாம் தரப் பொறிக்கு ஒப்புதல் பெற்றார். ஆனால் அது கட்டி முடிக்கப்படும் முன்பே, 1953-இல், அவர் ஓய்வு பெற்றுவிட்டார். 1955-இல் வெளியான நவீனமயமாக்கல் திட்டம் நீராவிக்கு முடிவு கட்டி, டீசலுக்கும் மின்சாரத்திற்கும் வழி வகுத்தது. ஆக, முன்மாதிரியாக எண்ணப்பட்ட பொறி தொடர்ச்சி இல்லாத ஒற்றைப் பொறியாகவே நின்றது. அதன் குறைகளைத் தேடிக் களைய வேண்டிய தேவையும் எவருக்கும் இல்லாமற் போயிற்று.

அமைப்பு

இப்பொறி முன்னால் நான்கு, நடுவில் ஆறு, பின்னால் இரண்டு என 12 சக்கரங்கள் கொண்ட, 'பசிபிக்' எனப்படும் அமைப்பை உடையது. நடுவில் உள்ள ஆறும் இயக்கு சக்கரங்கள். அவற்றின் விட்டம் சுமார் 1.88 மீட்டர். 18 அங்குல விட்டமும் 28 அங்குல வீச்சும் கொண்ட மூன்று உருளைகள் அவற்றைச் சுழற்றுகின்றன. கொதிகலனின் அழுத்தம் சதுர அங்குலத்திற்கு 250 பவுண்டு, அதாவது வளிமண்டல அழுத்தத்தைப் போல் சுமார் 17 மடங்கு. கரி எரியும் அடுப்புத்தட்டின் பரப்பு 48.6 சதுர அடி. சிறிய அறை ஒன்றின் தரையளவு கொண்ட இந்த அடுப்புக்கு ஃபயர்மேன் ஒருவர் மண்வெட்டியால் கரி அள்ளிப் போட வேண்டும்.

இதன் சிறப்பு உருளைகளில் உள்ள வால்வு அமைப்பாகும். வழக்கமான நீராவிப் பொறிகளில் ஒவ்வொரு உருளைக்கும் முன்னும் பின்னும் நகரும் ஒரே வால்வு, நீராவியை உள்ளே விடுவதையும் வெளியேற்றுவதையும் சேர்த்தே செய்யும். ஒன்றின் நேரத்தை மாற்றினால் மற்றொன்றின் நேரமும் மாறிவிடும். இத்தாலியப் பொறியியலாளர் ஆர்த்துரோ கப்ரொட்டி 1920-களில் உருவாக்கிய முறையில், உட்செலுத்தலுக்கும் வெளியேற்றத்திற்கும் தனித்தனி வால்வுகள் உள்ளன. மகிழுந்து எஞ்சினில் இருப்பவற்றைப் போலவே, சுழலும் தண்டில் உள்ள மேடுகள் இவற்றைத் திறந்து மூடுகின்றன. எனவே இவை சட்டெனத் திறந்து, சட்டென மூடும். ஒன்றின் நேரம் மற்றொன்றைக் கட்டுப்படுத்தாது. நீராவி உருளைக்குள் நன்கு விரிந்து தன் ஆற்றலைத் தந்த பின்னரே வெளியேறும். டியூக் ஆஃப் குளோஸ்டரில் பொருத்தப்பட்டது இம்முறையின் மேம்பட்ட பிரித்தானிய வடிவம். ரிடில்சின் ஐந்தாம் தரப் பொறிகளில் 30 பொறிகளுக்கும் இதே முறை பின்னர் பொருத்தப்பட்டது.

சேவைக் காலம்

புதிய பொறி சுவிண்டன் நகரின் சோதனைக் கூடத்தில், நின்ற இடத்திலேயே உருளைகளின் மீது சக்கரங்களைச் சுழலவிட்டு விரிவாகச் சோதிக்கப்பட்டது. முடிவுகள் இரண்டு திசைகளில் பிரிந்தன. உருளைகள், பெற்ற நீராவியைக் கொண்டு வேலை செய்வதில், பிரித்தானியாவில் அதுவரை சோதிக்கப்பட்ட எளிய விரிவுப் பொறிகளிலேயே மிகச் சிறந்தவையாக விளங்கின. கொதிகலனோ எதிர்பார்த்த அளவு நீராவியை எழுப்பவில்லை. கடுமையாக வேலை வாங்கியபோது கரிச் செலவு வேகமாக உயர்ந்தது. ஆனால் நீராவி அதற்கேற்ப உயரவில்லை.

பாதையில் ஓட்டிய பணியாளர்களும் இதையே கண்டனர். குரூ வடக்குக் கொட்டகையைச் சேர்ந்த இப்பொறி இலண்டன், குரூ இடையே கனமான விரைவு வண்டிகளை இழுத்தது. ஃபயர்மேன் எவ்வளவு கரி போட்டாலும் அழுத்தமானியின் முள் இறங்கிக்கொண்டே வரும் பொறியை எவரும் விரும்புவதில்லை. கரி மிகுதியாகத் தின்னும், மேட்டில் ஏமாற்றும் என்ற பெயர் நிலைத்தது. 1962 நவம்பரில் இது சேவையிலிருந்து நீக்கப்பட்டது.

அருங்காட்சியகமும் பழைய இரும்புக் கூடமும்

கடைசி எட்டாம் தரப் பொறி என்பதால் இது முதலில் நாட்டின் சேகரிப்புக்கெனக் குறிக்கப்பட்டிருந்தது. பின்னர், சிறப்புடையது அதன் வால்வு அமைப்பு மட்டுமே என்று முடிவு செய்யப்பட்டது. இடப்பக்க உருளை வால்வுகளுடன் அகற்றப்பட்டு, உள்ளமைப்பு தெரியும்படி வெட்டப்பட்டு, இலண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டது. வலப்பக்க உருளையும் கழற்றப்பட்டது. எஞ்சிய பொறி விற்கப்பட்டது. ஒரு நூலின் சிறந்த அத்தியாயத்தைக் கிழித்து வைத்துக்கொண்டு மற்றதை எடைக்குப் போட்டதற்கு ஒப்பானது இம்முடிவு. ஆனாலும் அக்காலத்தில் ஆயிரக்கணக்கான நீராவிப் பொறிகள் வெட்டப்பட்டுக்கொண்டிருந்தன என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

இப்பொறி 1967-இல் தென் வேல்சில் உள்ள பாரி நகரின் உட்ஹாம் சகோதரர்கள் பழைய இரும்புக் கூடத்தை அடைந்தது. அதற்கு முன் தவறுதலாக வேறொரு கூடத்திற்கு அனுப்பப்பட்டு, அங்கிருந்து மீட்டுக் கொண்டுவரப்பட்டது. அங்கேயே இருந்திருந்தால் சில நாட்களில் வெட்டப்பட்டிருக்கும். பாரி கூடத்தின் உரிமையாளர் டை உட்ஹாம், வெட்டுவதற்கு எளிதான சரக்குப் பெட்டிகளை முதலில் உடைத்து, கடினமான உந்துப்பொறிகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என ஒதுக்கி வைத்தார். வணிகக் கணக்கில் எடுத்த இம்முடிவே பிரித்தானியாவின் நீராவி மரபைக் காத்தது எனலாம். அங்கு வந்து சேர்ந்த 297 உந்துப்பொறிகளுள் 213 பொறிகள் பின்னர் ஆர்வலர்களால் வாங்கி மீட்கப்பட்டன. பல மரபுப் பாதைகளில் ஓடும் பொறிகள் அங்கிருந்து வந்தவையே.

காக்கப்பட்டது என்றாலும் பாதுகாக்கப்பட்டது என்று பொருள் இல்லை. கடலோர ஊரின் உப்புக் காற்றில் எஃகுத் தகடுகள் துருவேறின. செம்பு, பித்தளைப் பொருத்துகள் திருடு போயின. வேறு பொறிகளை மீட்டவர்கள் தங்களுக்கு வேண்டிய உறுப்புகளைக் கழற்றிச் செல்வதும் வழக்கம். வெளி உருளைகள் இரண்டும் இல்லாத, வேறெந்தப் பொறியிலிருந்தும் அவற்றைப் பெற முடியாத டியூக் ஆஃப் குளோஸ்டரை மீண்டும் ஓட்டுவது நடவாத காரியம் என்றே பெரும்பாலோர் கருதினர்.

மீட்டமைப்பு

1974-இல் ஆர்வலர் குழு ஒன்று இதனை விலைக்கு வாங்கி லஃப்பரோவிற்குக் கொண்டுவந்தது. பின்னாளில் இக்குழு ஓர் அறக்கட்டளையாக அமைந்தது. கிரேட் சென்ட்ரல் பாதை என்பது 1969-இல் மூடப்பட்ட ஒரு முதன்மை வழித்தடத்தின் பகுதி. அதைத் தன்னார்வலர்கள் சுற்றுலாத் தடமாக மாற்றிக்கொண்டிருந்தனர். வார இறுதிகளில் பணி, கைப்பணமும் நன்கொடையும் முதல் என்ற நிலையில் பன்னிரண்டு ஆண்டுகளுக்கும் மேல் வேலை நடந்தது.

எந்த நீராவிப் பொறியின் மீட்டமைப்பிலும் முதற்பணி முற்றாகப் பிரிப்பதாகும். கொதிகலன் சட்டகத்திலிருந்து தூக்கப்படும்; சக்கரங்கள் கழற்றப்படும்; ஒவ்வோர் உறுப்பும் துருவும் பிசுக்கும் நீக்கப்பட்டு அளக்கப்படும். சட்டகத்தில் விரிசல் உள்ளதா, அச்சுகள் ஒன்றுக்கொன்று இணையாக உள்ளனவா, சக்கர விளிம்புகள் எவ்வளவு தேய்ந்துள்ளன என்பனவெல்லாம் அப்போதுதான் தெரியும். அக்காலப் பொறிகளில் கொதிகலனைச் சுற்றி வெப்பக் காப்பாகக் கல்நார் பயன்படுத்தப்பட்டிருந்தது. நுரையீரலுக்குப் பெருங்கேடு விளைவிக்கும் இப்பொருளை அகற்றுவது தனிக் கவனம் தேவைப்படும் வேலை.

பெருஞ்செலவு பிடிப்பது கொதிகலன். இது நூறு பேர் அமர்ந்திருக்கும் வண்டிக்கு முன்னால் செல்லும் அழுத்தக் கலன். ஆகவே இதில் "போதும்" என்ற அளவுகோல் செல்லாது. அதன் பின்முனையில் நெருப்பறை உள்ளது. பிரித்தானிய வழக்கப்படி உள் நெருப்பறை செம்பாலும், அதைச் சூழ்ந்த வெளிக்கூடு எஃகாலும் ஆனவை. இரண்டுக்கும் இடையில் நீர் நிற்கும். தட்டையான இத்தகடுகள் அழுத்தத்தால் புடைத்துவிடாதபடி நூற்றுக்கணக்கான பிணைப்பு ஆணிகள் இரண்டையும் இழுத்துப் பிடித்திருக்கும். வெப்பத்தால் இரு தகடுகளும் வெவ்வேறு அளவில் விரிவதால் இவ்வாணிகள் வளைந்து வளைந்து ஒடியும். மீட்டமைப்பவர் ஒவ்வோர் ஆணியையும் சோதித்து, ஐயத்திற்குரியவற்றை மாற்ற வேண்டும். நெருப்பறையிலிருந்து முன்னால் உள்ள புகையறை வரை செல்லும் குழாய்கள் பெரும்பாலும் முழுவதுமாக மாற்றப்படும்.

பணி முடிந்ததும் கொதிகலன் குளிர்ந்த நீரால் நிரப்பப்பட்டு, வேலை அழுத்தத்தை விட மிகுந்த அழுத்தத்தில் சோதிக்கப்படும். காற்றாலோ நீராவியாலோ முதற்சோதனை செய்வதில்லை. நீர் ஏறத்தாழ அமுங்காத பொருள் என்பதால், தகடு எங்கேனும் பிளந்தாலும் சிறிது நீர் பீறிடுவதோடு அழுத்தம் வீழ்ந்துவிடும். அமுங்கிய வளிமமோ வெடிக்கும். குளிர்நீர்ச் சோதனையில் தேறிய பின்பே அடுப்பு மூட்டப்படும். அதுவும் மெல்ல மெல்ல, முழு அழுத்தத்தை எட்ட பல மணி நேரம் எடுத்துக்கொண்டு. ஆய்வாளர் தரும் சான்றிதழ் பிரித்தானிய மரபுப் பாதைகளில் பொதுவாகப் பத்தாண்டுகளுக்கே செல்லும்; இடையில் ஆண்டுதோறும் ஆய்வும் உண்டு. காலம் முடிந்ததும் பொறி மீண்டும் பிரிக்கப்பட வேண்டும். மீட்டமைப்பு என்பது ஒருமுறை செய்து முடிக்கும் வேலை அன்று என்பதை இதனால் அறியலாம்.

இவையெல்லாம் எப்பொறிக்கும் பொதுவானவை. டியூக் ஆஃப் குளோஸ்டரில் தனிச் சவாலாக இருந்தவை உருளைகள். சட்டகத்தின் நடுவில் இருந்த உருளை மட்டுமே எஞ்சியிருந்தது. வெளி உருளைகள் இரண்டையும் புதிதாக வார்க்க வேண்டியிருந்தது. இத்தகைய வார்ப்புக்கு முதலில் முழு அளவில் மரத்தால் மாதிரி செய்ய வேண்டும். உருகிய உலோகம் ஆறும்போது சுருங்கும் என்பதால், மாதிரி அந்த அளவுக்குச் சற்றுப் பெரிதாக இருக்க வேண்டும். உருளைக்குள் நீராவி செல்லும் வளைந்த வழிகளுக்குத் தனியே மணற்கருக்கள் செய்து அச்சுக்குள் நிறுத்த வேண்டும். வார்த்தபின் கடைந்து, துளையிட்டு, சட்டகத்தோடு பொருந்தும் பரப்புகளை நுட்பமாகச் சீவ வேண்டும். கப்ரொட்டி அமைப்பின் வால்வுகளும், அவற்றை இயக்கும் மேட்டுத்தண்டுப் பெட்டிகளும், சக்கரத்திலிருந்து சுழற்சியைக் கொண்டுவரும் தண்டுகளும் புதிதாகத் தேவைப்பட்டன. சாதாரண பொறியில் வால்வுக் கோல் சற்றுப் பிசகினாலும் பொறி நொண்டிக்கொண்டாவது ஓடும். இங்கோ எஞ்சின் தொழிற்சாலைக்குரிய துல்லியம் வேண்டும். பொறியியல் நிறுவனங்கள் பலவற்றின் உதவியின்றித் தன்னார்வலர்களால் மட்டும் இதை முடித்திருக்க இயலாது.

கண்டறியப்பட்ட குறைகள்

நீராவிப் பொறியின் அடுப்புக்கு விசிறி கிடையாது. உருளைகளில் வேலை செய்து முடித்த நீராவி, புகையறையில் உள்ள ஒரு குழாய்முனை வழியே புகைபோக்கிக்குள் பீய்ச்சப்படுகிறது. அது தன்னோடு புகையையும் இழுத்துச் செல்வதால் புகையறையில் அழுத்தம் குறைகிறது. அதை ஈடு செய்யக் காற்று, பொறியின் அடியில் உள்ள சாம்பல் தட்டின் காற்றுக்கதவுகள் வழியே நுழைந்து, அடுப்புத்தட்டின் மீதுள்ள கரியினூடே பாய்ந்து, குழாய்கள் வழியே முன்னோக்கி வருகிறது. வேலை கூடினால் வெளியேறும் நீராவி கூடும். அதனால் காற்றும் தீயும் கூடும். ஊதாங்குழலைத் தானே ஊதிக்கொள்ளும் அடுப்பு என்று இதைச் சொல்லலாம். நீராவிப் பொறியின் உயிர்நாடி இவ்வொழுங்கே.

இக்காற்று வழியின் இரு முனைகளிலும் டியூக் ஆஃப் குளோஸ்டரில் தடை இருந்ததை மீட்டமைப்பாளர்கள் கண்டனர். மேல்முனையில், இதையொத்த ஆற்றல் கொண்ட பிற பொறிகளோடு ஒப்பிடுகையில் புகைபோக்கி சிறியதாக இருந்தது. கீழ்முனையில், சாம்பல் தட்டின் காற்றுக்கதவுகள் சரியாகக் கட்டப்படாமலும் தேவையை விடச் சிறியதாகவும் இருந்தன. விறகடுப்பின் வாயில் சாம்பல் அடைத்திருக்கும்போது எவ்வளவு விறகு திணித்தாலும் புகைதான் மிகும், தீ மிகாது. அதுவே இங்கும் நடந்தது. ஃபயர்மேன் அள்ளிப் போட்ட கரிக்கு வேண்டிய காற்று கிடைக்கவில்லை. கரியின் ஒரு பகுதி எரியாமலேயே வீணாயிற்று.

மெதுவாக ஓடும்போது காற்றின் தேவை குறைவு. சிறிய கதவும் சிறிய புகைபோக்கியும் அதற்குப் போதுமானவை. கனமான வண்டியுடன் மேடேறும்போதுதான் குறை தலைகாட்டும். கப்ரொட்டி வால்வுகள் சட்டெனத் திறப்பதால் வெளியேறும் நீராவி கூர்மையான வீச்சுகளாக வரும். அது தீயின் மேற்பரப்பைக் கிளறிவிடும். ஆகவே பலர் பழியை வால்வுகளின் மீதே போட்டனர். உண்மையில் பொறியின் மிகச் சிக்கலான, மிகப் புதுமையான பகுதி சரியாகவே வேலை செய்தது. தவறியவை தகட்டு வேலை என்று எவரும் இரண்டாம் முறை பார்க்காத சாம்பல் தட்டும் புகைபோக்கியும். அமைப்புகளைப் பழுது பார்க்கும் எவருக்கும் பழக்கப்பட்ட நிலை இது: குறை தோன்றும் இடம் வேறு, குறை உள்ள இடம் வேறு.

காற்றுக்கதவுகள் சீராக்கப்பட்டன. புகையறையில் 'கைல்சாப்' எனப்படும் வெளியேற்று அமைப்பும் பொருத்தப்பட்டது. பின்லாந்தின் கியோஸ்தி கியூலாலாவின் கண்டுபிடிப்பைப் பிரான்சின் ஆந்திரே சாப்பெலான் மேம்படுத்திய அமைப்பு இது. நீராவிப் பீச்சைப் படிப்படியாகப் பிரித்து, மிகுந்த புகையைக் குறைந்த எதிரழுத்தத்தில் இழுக்க வல்லது. 1938-இல் நீராவிப் பொறிகளுக்கான உலக வேகச் சாதனையை நிகழ்த்திய 'மல்லார்ட்' பொறியிலும் இதுவே இருந்தது. டியூக் ஆஃப் குளோஸ்டருக்கு இதைப் பொருத்தலாம் என்ற பரிந்துரை அது கட்டப்பட்ட காலத்திலேயே முன்வைக்கப்பட்டு, ஏற்கப்படாமற் போனது.

மரபுத் தடமும் முதன்மைத் தடமும்

பிரித்தானிய மரபுத் தொடர்வண்டிப் பாதைகளில் வேகம் பொதுவாக மணிக்கு 25 மைல், அதாவது 40 கிலோமீட்டருக்கு மிகாமல் கட்டுப்படுத்தப்படுகிறது. சில கிலோமீட்டர் நீளத்தில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்லும் வண்டிக்கு எட்டாம் தரப் பொறி சிறிதும் தேவை இல்லை. அதன் ஆற்றலில் சிறு பங்கே அங்கு பயன்படும். அச்சுழலில் 1954-ஆம் ஆண்டின் குறைகள் தெரிந்திருக்கவும் போவதில்லை. எனவே இப்பொறியைப் பற்றிய கேள்விக்கு விடை காண அதனை முதன்மைத் தடத்தில் முழு வேகத்தில் ஓட்ட வேண்டியிருந்தது. 1990 முதல் இது முதன்மைத் தடங்களில் சிறப்புச் சுற்றுலா வண்டிகளை இழுத்தது. வடமேற்கு இங்கிலாந்தில் 75-க்கு 1 என்ற சரிவுடன் ஏறும் ஷாப் மேடு, நீராவிப் பொறிகளின் உரைகல்லாகக் கருதப்படுவது. ஒரு காலத்தில் மேட்டில் ஏமாற்றும் எனப் பெயரெடுத்த பொறி, அதே மேட்டில் பிரித்தானியாவின் ஆற்றல் மிக்க நீராவிப் பொறிகளுள் ஒன்றாகத் தன்னை நிறுவியது. பின்னர் பல ஆண்டுகள் கிழக்கு லங்காசயர் மரபுப் பாதையை இருப்பிடமாகக் கொண்டிருந்தது.

மீட்டமைப்பின் நெறி பற்றி இங்கே கருத்து வேறுபாட்டுக்கு இடம் உண்டு. பழம்பொருளை அது இருந்தவாறே காக்க வேண்டும் என்பது அருங்காட்சியக நெறி. அவ்வகையில் பார்த்தால் குறையுள்ள சாம்பல் தட்டும் ஒரு வரலாற்றுச் சான்றே. அதைத் திருத்திய பின் ஓடுவது 1954-இல் ஓடிய பொறி அன்று. எனவே 1990-களில் நிகழ்த்திய ஓட்டங்களைக் காட்டி, 1950-களின் பணியாளர்கள் பொறியைச் சரியாகக் கையாளவில்லை என்று வாதிடுவது பொருந்தாது. அவர்கள் கையில் இருந்தது வேறொரு பொறி. அவர்கள் சொன்ன குறை உண்மையான குறை. மறுபுறம், ஓடும் பொறியில் தேயும் உறுப்புகள் எப்படியும் மாற்றப்பட்டுக்கொண்டே இருக்கும். குழாய்கள், பிணைப்பு ஆணிகள், தாங்கிகள், சக்கர விளிம்புகள் ஆகியவற்றை நீராவிக் காலத்துப் பணிமனைகளே சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றின. கொதிகலன்களைக் கூட ஒரு பொறியிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றிப் பொருத்துவது அங்கு இயல்பான நடைமுறை. ஓடவும் வேண்டும், ஒரு திருகும் மாறவும் கூடாது என்பது நீராவிப் பொறிக்கு இயலாத ஒன்று. டியூக் ஆஃப் குளோஸ்டரைப் பொறுத்தவரை, மாற்றங்கள் பதிவு செய்யப்பட்டுள்ளன என்பதே முக்கியம். எது 1954-ஐச் சேர்ந்தது, எது பிற்காலத்தது என ஆய்வாளர் பிரித்தறிய முடியும். வெட்டப்பட்ட அந்த உருளையும் ஒப்பீட்டுக்கான சான்றாக எஞ்சியுள்ளது.

இப்பொறிக்கு 1954-இல் சூட்டப்பட்ட பெயர் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் மகன் ஹென்றி இளவரசருக்கு உரியது. கொதிகலன் சான்றிதழ்களின் காலம் முடியும்தோறும் இது சேவையிலிருந்து விலக்கப்பட்டுப் பிரிக்கப்படுகிறது. அவ்வாறான முழுச் சீரமைப்புகளுள் மிக நீண்ட ஒன்று 2010-களில் தொடங்கப்பட்டது.